மூன்று மணிக்கு நிற்கும் லிஃப்ட்டும் உங்கள் தங்கையின் கிட்டாரும்

பெருமதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவனும், இந்த எட்டு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட்டுக்கு இன்று வியாழக்கிழமை வரை பொறுப்பாளனுமாகிய நான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் இல்லத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் ரத்தக் கொதிப்பு இப்போது கட்டுக்குள் இருக்கும் என்றும் நம்புகிறேன். இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு படியுங்கள். முடிந்தால் உட்கார்ந்து படியுங்கள். என் உடம்புக்கு ஒன்றுமில்லை, முட்டி வழக்கம்போல. மனதுதான் ஒரு வாரமாக நிலைகொள்ளவில்லை. நடந்ததைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நானே கண்ணால் பார்த்தேன், எனக்கே இன்னும் நம்பிக்கை வரவில்லை.

என் நிலைமை உங்களுக்குத் தெரியும். நாற்பத்தொரு வருஷம் லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற மறுவாரமே இந்தக் கட்டடத்துக் குடியிருப்போர் கமிட்டி என்னைக் கூப்பிட்டு, "சார், நம்ம லிஃப்ட்டை நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லி, கேபினுக்குள் பித்தளைத் தகடு ஒன்றில் 'பொறுப்பாளர்' என்று போட்டு என் போன் நம்பரையும் பொறித்து மாட்டியது. ஐந்து வருஷமாகிறது. தினமும் காலையில் நானே அந்தத் தகட்டைத் துடைக்கிறேன். வேறு எதற்காகவும் இந்தக் கட்டடத்தில் யாரும் என்னைத் தேடி வருவதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தத் தகட்டைத்தான் வருகிற ஞாயிற்றுக்கிழமை கழற்றப் போகிறார்கள். காலை பதினோரு மணிக்குக் கமிட்டிக் கூட்டம். விவாதப் பொருள் ஒன்றே ஒன்று: லிஃப்ட்டை என்னிடமிருந்து வாங்கி வெளிக் கம்பெனி ஒன்றிடம் கொடுப்பது. நான்காம் மாடியில் இருக்கும் செயலாளர் கையெழுத்துப் போட்ட நோட்டீஸ் என் வீட்டுக் கதவுக்கு அடியிலேயே வந்து விழுந்தது.

காரணம், மூன்று மாதமாக லிஃப்ட் நிற்கிறது. தினமும் நிற்கிறது. மத்தியானம் மூன்று பத்துக்கு நிற்கிறது, நான்கு மணிக்குத் தானாக ஓடுகிறது. மைத்துனரே, நாற்பத்தொரு வருஷத்தில் நான் பார்க்காத பழுது இல்லை. இரண்டு மாடிகளுக்கு நடுவில் ஆளை மாட்டிவைக்கும் பழுது, கதவை மூடமாட்டேன் என்று அடம்பிடிக்கும் பழுது, மழை பெய்தால் மட்டும் வரும் பழுது, முதலாளி ஏறினால் மட்டும் வரும் பழுது, எல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் இவ்வளவு மரியாதை தெரிந்த பழுதை நான் பார்த்ததே கிடையாது. ஒருநாள்கூட உள்ளே ஆள் இருக்கும்போது நின்றதில்லை. ஒருநாள்கூட நடுவழியில் நின்றதில்லை. சமர்த்தாக எட்டாம் மாடிக்குப் போய், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அதன் பிறகுதான் நிற்கும். மத்தியான வெயிலில் மிஷின் ரூம் சூடாகிறதோ என்று அங்கே ஒரு மின்விசிறி மாட்டினேன். ரிலேக்களை மாற்றினேன். கதவு சென்சாரை மாற்றினேன். மின்வாரியத்துக்கு நான்கு கடிதம் எழுதினேன். எலி ஒன்று மூன்று மணிக்கு வந்து ஒயர்மேல் உட்கார்ந்து நான்கு மணிக்கு எழுந்து போகிறதோ என்றுகூட யோசித்தேன். அந்த அளவுக்கு அது மண்டையைக் குடைந்தது. இத்தனைக்கும் இரவு சாப்பாட்டின்போது இதையெல்லாம் உங்கள் தங்கையிடம் ஒன்றுவிடாமல் சொல்வேன். அவளும் "அப்படியா, பாவம், வேற என்னவா இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டே எனக்கு இன்னும் கொஞ்சம் பரிமாறுவாள்.

நின்றவுடனே மிஷின் ரூமுக்குப் போய்ப் பார்க்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கேதான் என் தலையெழுத்து. மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்து வரை நான் தரைத்தளத்தில் காவலாளி அறையில் உட்கார்ந்து புகார் கேட்பது வழக்கம். மிஷின் ரூம் எட்டாம் மாடியில், எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப்பக்கம். லிஃப்ட் நின்றால் பத்துக்கு ஒன்பது தடவை கோளாறு மாடிக் கதவுகளில்தான் இருக்கும் என்பது தொழில் பாடம். அதனால் கீழிருந்து ஒவ்வொரு மாடியாகக் கதவைத் தட்டி, பூட்டை ஆட்டி, காதை வைத்துக் கேட்டு, நோட்டில் குறித்துக்கொண்டு மேலே ஏறுவேன். ஒரு மாடிக்கு ஆறு நிமிஷம். முட்டிக்கு இரண்டு இடத்தில் ஓய்வு. நான் ஏழாம் மாடியைத் தாண்டும்போது சரியாக மணி நான்கு ஆகும், லிஃப்ட் விர்ரென்று என்னைக் கடந்து கீழே போகும். மூன்று மாதமும் இதே கதை. கடைசி இரண்டு மாடிகளில் வேறு ஒரு தொந்தரவு, ஏதோ வாத்தியச் சத்தம் வந்து காதை மறைக்கும். பூட்டின் சத்தத்தைக் கவனிக்க முடியாது. ஏழாம் மாடிப் பல் டாக்டர் ரேடியோ வைக்கிறார் என்று நினைத்து ஒருநாள் அவர் வீட்டுக் கதவைத் தட்டி, "நான் இங்க உயிரைக் கொடுத்து வேலை பாக்கிறேன், நீங்க பாட்டு கேக்கிறீங்களா?" என்று சத்தம் போட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, "மன்னிச்சிடுங்க சார், கொறைச்சு வைக்கிறேன்" என்றார். தங்கமான மனுஷன்.

போன வாரம் புதன்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. எலியா பேயா, கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவுசெய்து, உங்கள் தங்கையிடம் வழக்கம்போலக் கீழே போகிறேன் என்று சொல்லிவிட்டு, மாடிப்படியில் பத்துப் படி இறங்கித் திரும்பி ஏறி, மிஷின் ரூமுக்குள் புகுந்து, உள்ளே பூட்டிக்கொண்டு, மோட்டாருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்தேன். கையில் டார்ச்சும் ஒரு பெரிய ஸ்பானரும். இரண்டரை மணியிலிருந்து அசையவில்லை. மூன்று அடித்து ஏழு நிமிஷத்தில் கதவுப் பூட்டில் சாவி திரும்பியது. சாவி இரண்டே இரண்டு, ஒன்று என் சட்டைப்பையில், மற்றது என் வீட்டு ஆணியில். கதவு திறந்தது. உள்ளே வந்தது உங்கள் தங்கை. தோளில் பட்டை, பட்டையில் கிட்டார்.

ஆமாம், நீங்கள் கொடுத்த கிட்டார்தான். அலுவலகத்தில் முப்பது வருஷம் டைப்பிஸ்ட் வேலை பார்த்து அவள் ஓய்வு பெற்ற அன்று, நாங்கள் எல்லோரும் சுவர்க்கடிகாரமும் போர்வையுமாகக் கொடுத்தபோது, "சின்ன வயசுல கேட்டே, அப்ப வாங்கித்தர முடியல" என்று சொல்லி நீங்கள் ஒரு எலக்ட்ரிக் கிட்டாரைக் கையில் கொடுத்தீர்களே, அதுதான். நான் அது சுவரில் மாட்டி வைப்பதற்கு என்று நினைத்திருந்தேன். அவள் வாசிக்கக் கற்றுக்கொண்டதே எனக்குத் தெரியாது மைத்துனரே. அவள் கேபினை எட்டாம் மாடிக்கு வரவழைத்தாள். வெளியே போய்க் கதவு திறந்திருக்கிறதா, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்து ஒரு நிமிஷம் நின்று, மெயின் சுவிட்சை இறக்கினாள். கல்யாணமான புதிதில், நான் வேலை பார்த்த ஒரு கட்டடத்து லிஃப்ட்டில் அவளுக்கு வேடிக்கையாகச் சொல்லிக்கொடுத்த அதே வரிசை. ஒரு படி பிசகவில்லை. என்னிடம் வேலை பழகிய எந்தப் பையனும் இவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை.

"யாரது?" என்றேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை. அவள் திடுக்கிடக்கூட இல்லை.

"நான்தான். முட்டி வலிக்குதுன்னு காலைல சொன்னீங்க, அங்க போய் எதுக்குக் குந்திக்கிட்டு இருக்கீங்க?"

"நீ என்ன பண்ணிட்டு இருக்கே?"

"பாத்தீங்கல்ல? லிஃப்ட்டை நிறுத்தறேன்."

"எதுக்குடீ?"

"சத்தம் வருது."

லிஃப்ட்டிலிருந்து சத்தமா? என் லிஃப்ட்டிலிருந்தா? போன மாதம்தான் பேரிங்குக்கு எண்ணெய் விட்டேன். அவள் சுவிட்சை மறுபடி ஏற்றிவிட்டு, என்னை வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனாள். உள் அறையில், துணி மடிக்கும் மேஜைக்கு அடியில், கிட்டார் சத்தத்தைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபையர் ஒன்று இருந்தது. அதற்கு மேல் துணி போட்டு மூடி, அதன்மேல் என் பனியன்களை வைத்து மூன்று மாதமாக மறைத்திருக்கிறாள். ஒயரைச் சொருகினாள். எங்கள் லிஃப்ட் கிளம்பியதோ இல்லையோ, அந்தப் பெட்டியிலிருந்து 'ர்ர்ர்ர்' என்று ஒரு உறுமல் கிளம்பியது பாருங்கள், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிட்டாரில் அவள் கையே படவில்லை. அது என் மோட்டார்! சுவருக்கு அந்தப்பக்கம் ஓடுகிற மோட்டார் கிட்டாருக்குள்ளிருந்து பேசுகிறது! கேபின் வேகம் பிடிப்பது, மாடி நெருங்கும்போது தணிவது, பிரேக் 'டக்' என்று பிடிப்பது, எல்லாம் கேட்டது. மூன்றாம் மாடியில் பிரேக் ஒரு கணம் தாமதமாகப் பிடிக்கிறது என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தேன். கோபத்தை மறந்து நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டேன் என்பதை உங்களிடம் மறைப்பானேன்.

பிறகு அவள் விளக்கினாள். கம்பிகளுக்குக் கீழே இருக்கும் பிக்கப் என்பது வேறொன்றுமில்லை, காந்தமும் அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றிய மயிரிழைச் செம்புக் கம்பியும். மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தால் அந்தச் சுருளில் துளி மின்சாரம் பிறக்கிறது, அதுதான் பாட்டு. பேட்டரி கிடையாது, ஒன்றும் கிடையாது. இந்த வகைக்கு பேசிவ் என்று பெயர். ஆனால் அந்தச் சுருளுக்குக் கம்பி எது, மோட்டார் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. அக்கம்பக்கத்தில் எது காந்தத்தை ஆட்டினாலும் வாங்கிக்கொள்ளும். எங்கள் வீட்டில் அடுத்த சுவரே மோட்டார். அதனால் ஒரு மணி நேரம் நிம்மதியாக வாசிக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி, மோட்டாரை நிறுத்துவது. "நீங்க கீழேர்ந்து ஒவ்வொரு கதவா பாத்துட்டு வர அம்பது நிமிஷம் ஆகும்னு எனக்குத் தெரியாதா? நாப்பது வருஷமா நீங்க அப்படித்தானே" என்றாள். என் ஒழுங்குமுறையை வைத்தே எனக்குக் குழி பறித்திருக்கிறாள். மின்வாரியத்துக்கு நான்கு கடிதம் எழுதினேனே, அதை டைப் அடித்துக் கொடுத்ததே அவள்தான்!

கமிட்டியிடம் உண்மையைச் சொல்லலாம். சொன்னால் தகடு பிழைக்கும், வீட்டுக்காரி மானம் போகும். சொல்லாவிட்டால் தகடு போகும். இரண்டும் இல்லாமல் ஒரு வழி கண்டுபிடித்தேன். பிக்கப்பையே மாற்றிவிடுவது. மறுநாளே அவளையும் கிட்டாரையும் கூட்டிக்கொண்டு வாத்தியக் கடைக்குப் போனேன். அங்கே ரிப்பேர் பார்ப்பது ஒரு பெண்மணி, நெற்றியில் கண்ணாடி, கையில் சால்டரிங் கம்பி. எல்லோரும் அவரை டாக்டரம்மா என்கிறார்கள். நான் போனவுடன், "சத்தம் வராததா ஒண்ணு கொடுங்க" என்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. உங்கள் தங்கையிடம், "எந்த மாதிரி வாசிப்பீங்க? விரலாலயா, பிளாஸ்டிக் பிக் வச்சா? ஒயர் எவ்வளவு நீளம்? ஆம்ப்ளிஃபையர்ல சத்தத்தைக் கிழிய விடுவீங்களா, சுத்தமா வைப்பீங்களா?" என்று வரிசையாகக் கேட்டார். லிஃப்ட் போடுவதற்கு முன்னால் எத்தனை மாடி, எத்தனை ஆள் என்று நாங்கள் கேட்பது போலத்தான். எனக்கு அவர்மேல் உடனே மதிப்பு வந்துவிட்டது.

ஆக்டிவ் என்று ஒரு வகை இருக்கிறதாம். அதில் சுருள் சின்னது, அதனால் வெளிச்சத்தத்தை அவ்வளவாக வாங்காது. வாங்கிய கொஞ்சத்தை உள்ளேயே ஒரு குட்டி ஆம்ப்ளிஃபையர் வைத்துப் பெரிதாக்கி அனுப்பும். அதற்கு ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்று கிட்டாரின் முதுகில். எவ்வளவு நீள ஒயர் போட்டாலும் குரல் மங்காது, கிழிய விட்டாலும் இரைச்சல் இருக்காது, எல்லாக் கம்பியும் ஒரே அளவாகக் கேட்கும். மேடையில் பெரிய சத்தத்தோடு வாசிக்கிறவர்கள் அதைத்தான் தேடி வாங்குகிறார்களாம். "அப்ப அதுதான்!" என்றேன். டாக்டரம்மா அப்போதுதான் முதல்முறையாக என் பக்கம் திரும்பி, "வாசிக்கிறது நீங்களா சார்?" என்று கேட்டார். உங்கள் தங்கை சிரித்தாள். இரண்டு சுருளை எதிரெதிராக வைத்து இரைச்சலைக் கொல்லும் பேசிவ் ஒன்றும் இருக்கிறது என்று அதையும் வாசிக்கக் கொடுத்தார். இவள் இரண்டு தடவை தட்டிப் பார்த்து, "குரல் கட்டிக்கிட்ட மாதிரி இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஆக்டிவை வெகுநேரம் வாசித்தாள். மெதுவாகத் தொட்டாள், அழுத்தித் தொட்டாள், மறுபடி மெதுவாக. "சத்தம் இல்லதான்" என்றாள் இவள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நான் வாங்கிவிட்டேன்.

சனிக்கிழமை நானே பிரித்து நானே சால்டர் வைத்தேன். வால்யூம் குமிழைக்கூட மாற்ற வேண்டியிருந்தது. மாட்டி முடித்து, லிஃப்ட்டைக் கீழேயும் மேலேயும் ஆறு தடவை ஓடவிட்டுக் கேட்டேன். ஒரு முணுமுணுப்பு இல்லை! எனக்கிருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பேட்டரிக்கு ஒரு நோட்டுப் போட்டேன், மாட்டிய தேதி, மாற்ற வேண்டிய தேதி. திங்கட்கிழமை வாசிக்கும்போது குரல் கரகரத்து, உடைந்து, அப்படியே அடங்கிப் போயிற்று. என்னவென்று பார்த்தால் கடையில் கொடுத்த பேட்டரியே பழசு, அதோடு ஞாயிறு முழுக்க ஒயரைச் சொருகியபடியே விட்டிருக்கிறாள், ஒயர் சொருகியிருந்தால் பேட்டரி ஓடிக்கொண்டே இருக்குமாம். 'வாசித்து முடித்ததும் ஒயரைப் பிடுங்கவும்' என்று எழுதி கிட்டாரிலேயே ஒட்டிவிட்டேன். அவள் அந்தச் சீட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நேற்று ஒரு வார்த்தை சொன்னாள் மைத்துனரே, அதைக் கேட்டுத்தான் இந்தக் கடிதம். "நல்லா இருக்கா?" என்று நான் கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு. என் கையெழுத்தை யாரோ டைப் அடிச்சுக் குடுத்த மாதிரி இருக்கு" என்றாள். முப்பது வருஷம் டைப் அடித்தவள் சொல்கிறாள். எனக்குப் புரியவில்லை. டைப் அடித்தால் சுத்தமாகத்தானே இருக்கும்? "மெதுவா தொட்டாலும் அது அதே மாதிரிதான் சொல்லுது, அழுத்தித் தொட்டாலும் அதே மாதிரிதான் சொல்லுது. நான் எதுக்கு?" என்றாள். இன்று மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் வாசித்தாள். பிறகு எழுந்து போய்த் துணி மடித்தாள். கோபமில்லை, சண்டையில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பழைய பிக்கப்பை ஒரு கைக்குட்டையில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறாள். ஞாயிறு கூட்டம் முடிவதற்குள் அதை மறுபடி மாட்டச் சொல்லிக் கேட்டுவிட்டால் நான் எங்கே போவேன்?

ஆகவே தாங்கள் உடனே புறப்பட்டு வந்து, அண்ணன் என்ற உரிமையில் தங்கைக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். உலகத்தில் பெரிய பெரிய வித்வான்கள் பேட்டரி போட்டுத்தான் வாசிக்கிறார்கள் என்று சொல்லுங்கள். என் சொல்லைக் கேட்கமாட்டாள், உங்கள் சொல்லைத் தட்டமாட்டாள். இன்னொரு தடவை இந்த லிஃப்ட் மூன்று மணிக்கு நின்றால் அந்தத் தகட்டை என் கையாலேயே கழற்றிக் கொடுத்துவிடுவேன். இது உறுதி. கிட்டாரைக் கொடுத்தவர் நீங்கள் என்பதையும், இத்தனைக்கும் மூலகாரணம் நீங்களே என்பதையும் பணிவுடன் நினைவூட்டுகிறேன். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும், சின்னவர்களுக்கு எங்கள் ஆசிகளையும் தெரிவியுங்கள். எல்லோரும் நோய்நொடியில்லாமல், பழுதில்லாமல், தடையின்றி மேலே ஏறிக்கொண்டே இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

தங்கள் அன்பு மாப்பிள்ளை,
லிஃப்ட் பொறுப்பாளர் (தற்போதைக்கு)

பி.கு.: ஞாயிறு மாலை. கடிதத்தைத் தபாலில் சேர்க்க மறந்து சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். நல்லதாய்ப் போயிற்று, அல்லது கெட்டதாய்ப் போயிற்று, நீங்களே சொல்லுங்கள். மேலே எழுதியது அத்தனையும் ரத்து.

காலையில் கூட்டம் நடந்தது. செயலாளர் எழுந்து, "இந்த வாரம் பூரா மூணு மணிக்கு லிஃப்ட் நிக்கவே இல்லையே, என்ன சார் ஆச்சு?" என்று கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்தி, "பழுதைக் கண்டுபிடிச்சு சரிபண்ணிட்டேன்" என்றேன். கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். கூடம் சாவு வீடு மாதிரி இருந்தது. பல் டாக்டர்தான் மெதுவாக, "அப்ப வீட்ல அவங்க வாசிக்கிறதை நிறுத்திட்டாங்களா?" என்று கேட்டார். "அது உங்க ரேடியோதானே டாக்டர்?" என்றேன். "எங்க வீட்ல ரேடியோவே இல்ல சார்" என்றார்.

மைத்துனரே, எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. மூன்று மாதமாக, என்னைத் தவிர, இந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும்! மூன்று மணிக்கு ஏழாம் மாடிப் படிக்கட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு கேட்பார்களாம். நான் ஏறி வரும் சத்தம் கேட்டால் எழுந்து பல் டாக்டர் வீட்டுக்குள் ஒளிந்துகொள்வார்களாம். அப்படியானால் லிஃப்ட்டை ஏன் கம்பெனிக்குக் கொடுக்கப் பார்த்தீர்கள் என்று செயலாளரையே கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "கம்பெனிக்காரன்னா மாசத்துக்கு ஒருதடவைதான் சார் வருவான். நீங்க விடாம தினமும் ஏறி வர்றீங்க. ஒருநாள் கண்டுபிடிச்சு நிறுத்திடுவீங்களேன்னு பயம்" என்றார். என்னைவிடக் கெட்டிக்கார மெக்கானிக் இல்லை என்பதால் என்னை நீக்கப் பார்த்திருக்கிறார்கள். இதைவிடப் பெரிய பாராட்டும் எனக்குக் கிடைத்ததில்லை, இதைவிடப் பெரிய அடியும் விழுந்ததில்லை. எட்டு மாடியும் கேட்ட வாசிப்பை, பூட்டுச் சத்தத்தை மறைக்கிறது என்று திட்டிக்கொண்டே நான் மட்டும் ஏறி வந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்து கைக்குட்டையை எடுத்தேன். "எதுக்கு அது?" என்றாள். "மாட்டத்தான்" என்றேன். அவள் எதிரில் உட்கார்ந்து டார்ச் பிடித்தாள். மூன்று மணிக்கு அவள் சாவியை எடுக்கப் போனாள், நான் வாங்கிக்கொண்டு நானே போனேன். கேபினை மேலே வரவழைத்து, உள்ளே யாரும் இல்லை என்று பார்த்து, என் கையாலேயே மெயினை இறக்கினேன். திரும்பி வந்து துணி மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் முதலில் ஒரே ஒரு கம்பியைத் தொட்டாள், மிகவும் லேசாக. அவ்வளவு லேசாகத்தான் தொட்டாள் என்பது எனக்குக் கேட்டது. அடுத்ததைக் கொஞ்சம் தயங்கித் தொட்டாள், அந்தத் தயக்கமும் கேட்டது. முப்பத்தெட்டு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், இவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, மைத்துனரே. அவள் பார்த்தாள், ஆனால் நிறுத்தவில்லை.

தகட்டை யாரும் கழற்றவில்லை, கமிட்டியின் ஒப்புதலோடு கேபினில் அதற்குக் கீழே நோட்டீஸ் ஒட்டியாயிற்று: 'தினசரிப் பராமரிப்பு: மாலை 3 முதல் 4 வரை. அவசரமென்றால் எட்டாம் மாடியைக் கூப்பிடவும்.' தாங்கள் வந்து புத்தி சொல்ல வேண்டிய அவசியம் இனி இல்லை. சும்மா பார்க்க வருவதானால் தாராளமாக வாருங்கள், மூன்று மணிக்கு முன்னால் வாருங்கள். பிந்தினால் எட்டு மாடியும் நடந்துதான் ஏற வேண்டும். கீழே நின்றுகொண்டு எனக்குப் போன் செய்யாதீர்கள். அந்த ஒரு மணி நேரம் நான் எடுக்கமாட்டேன்.